சேவைக் கூடங்களில் யந்திர மனிதர்கள்: பொதுமக்களின் மனப்பான்மை

பாங்கில் பணம் செலுத்துவோரும், ரயில் பயணத்திற்கு இடம் பதிவு செய்வோரும், ஆஸ்பத்திரியில் மருத்துவரைக் காண வருவோரும் அண்மைக் காலம் வரையில் தம் காரியத்தை மற்றொரு மனிதரிடமே கூறி வந்தனர். அம்மனிதர் இன்முகத்துடன் பேசினாலும் சரி, எரிச்சலுடன் பேசினாலும் சரி, கேட்பவரும் சொல்பவரும் ஒரே இனத்தவர் என்ற உணர்வு இருபாலருக்கும் இருந்தது. சென்ற பத்தாண்டுகளில் இந்நிலை மாறத் தொடங்கியிருக்கிறது. வரவேற்பு மேஜையின் அருகே யந்திர மனிதன் நின்று வணக்கம் கூறுகிறது. தொலைபேசியின் மறுமுனையில் யந்திரக் குரல் பதிலளிக்கிறது. கைப்பேசித் திரையில் புன்னகை பூக்கும் உருவம் ஒன்று கணக்கு விவரம் சொல்கிறது.

இந்த யந்திரங்கள் எவ்வாறு இயங்குகின்றன என்பது விஞ்ஞானத்தின் ஒரு பகுதி. அவற்றை ஜனங்கள் எவ்வாறு ஏற்றுக்கொள்கின்றனர், எந்த இடத்தில் ஏற்க மறுக்கின்றனர், அதற்குக் காரணம் யாது என்பனவும் விஞ்ஞான முறையில் ஆராயத்தக்கவையே. இவ்வாராய்ச்சிக்குப் பெங்களூர் நகரம் மிகவும் பொருத்தமான களமாக அமைந்துள்ளது. இத்தகைய யந்திரங்களைச் செய்யும் ஸ்தாபனங்கள் இந்நகரில் உள்ளன. தொலைபேசி வழியே வாடிக்கைக்காரருக்கு உதவும் வேலையில் பிழைப்போரும் இந்நகரில் திரளாக உள்ளனர். கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது, மலையாளம், இந்தி ஆகிய மொழிகளைப் பேசுவோர் ஒரே வரிசையில் நிற்கும் நகரமும் இதுவே.

மூவகை யந்திரங்கள்

வாடிக்கைக்காரருக்குச் சேவை புரியும் யந்திரங்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, உடலுடன் கூடிய யந்திர மனிதன். இதனை ரோபோ என்பர். சக்கரங்களின் மேல் நகர்வதும், கழுத்தைத் திருப்புவதும், மார்பில் அமைந்த திரையில் எழுத்துக்களைக் காட்டுவதும் இதன் இயல்பு. இரண்டாவது, உடலின்றி எழுத்தாலோ குரலாலோ மட்டும் பேசும் சம்பாஷணை யந்திரம். இது சாட்பாட் எனப்படுகிறது. மூன்றாவது, திரையில் மனித உருவுடன் தோன்றிப் பேசும் பிம்பம். இதற்கு உலகெங்கும் வழங்கும் 'அவதார்' என்னும் பெயர் நமது 'அவதாரம்' என்ற சொல்லே ஆகும். இக்கட்டுரையில் இதனைத் திரையுருவம் எனக் குறிப்போம்.

தோற்றத்தில் வேறுபட்டாலும் இம்மூன்றின் உள்ளமைப்பும் பெரும்பாலும் ஒன்றே. வாடிக்கைக்காரர் பேசுவது முதலில் ஒலியிலிருந்து எழுத்தாக மாற்றப்படுகிறது. அவ்வெழுத்திலிருந்து அவர் கேட்பது என்ன என்று யந்திரம் கணிக்கிறது. பின்னர் அதற்குரிய விடை தேடி எடுக்கப்பட்டு, மீண்டும் குரலாக மாற்றி ஒலிபரப்பப்படுகிறது. இந்தப் படிகளில் ஏதேனும் ஒன்றில் பிழை நேர்ந்தாலும் விடை முழுவதும் பிழையாகிவிடும்.

பழைய யந்திரங்களில் விடைகள் முன்னதாகவே எழுதி வைக்கப்பட்டிருந்தன. ஆகவே தெரியாத கேள்விக்கு அவை 'புரியவில்லை' என்றே கூறும். அண்மையில் பெருகிவரும் பெருமொழி மாதிரிகள் என்பவை அப்படியல்ல. ஏராளமான எழுத்துக்களைப் படித்துப் பழகி, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்று கணித்து, வாக்கியத்தைத் தாமே அமைப்பவை அவை. இதனால் அவற்றின் பேச்சு சரளமாக இருக்கிறது. ஆனால், உண்மையல்லாத ஒன்றையும் அதே சரளத்துடன் அவை கூறிவிடக்கூடும். தடுமாறிப் பேசுபவரை நாம் சந்தேகிக்கிறோம். தடையின்றிப் பேசுபவரை நம்புகிறோம். மனிதரிடையே ஏற்பட்ட இப்பழக்கம் யந்திரத்தின் முன் நம்மை ஏமாற்றக்கூடும் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

முன்னைய அனுபவங்கள்

சேவை புரியும் மனிதரின் இடத்தில் யந்திரம் வந்து அமர்வது இதுவே முதன்முறை அன்று. தொலைபேசியின் வரலாறு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஆதியில், ஒருவர் மற்றொருவருடன் பேச வேண்டுமாயின் இணைப்பகத்திலுள்ள சிப்பந்தியிடம் கேட்க வேண்டும். சிப்பந்தி கம்பியைச் செருகி இணைப்புத் தருவார். அமெரிக்காவில் ஈமச்சடங்குத் தொழில் நடத்திய ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர், தமக்கு வரவேண்டிய அழைப்புகள் போட்டியாளருக்குத் திருப்பிவிடப்படுவதாகச் சந்தேகித்தார் என்றும், அதனாலேயே சிப்பந்தியின் உதவியின்றித் தானே இணைக்கும் கருவியை அமைத்தார் என்றும் கூறுவர். 1891-ல் அவர் காப்புரிமை பெற்றார். மனிதர்மீது கொண்ட அவநம்பிக்கையே யந்திரத்தை வரவேற்கக் காரணமாயிற்று என்பது இக்கதையில் கவனிக்கத்தக்கது.

பெங்களூரில் 1948-ல் நிறுவப்பட்ட இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை, ஸ்ட்ரோஜர் முறைக் கருவிகளை நம் நாட்டிலேயே உற்பத்தி செய்தது. 1960-ல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே, வெளியூர் எண்ணைச் சந்தாதாரரே சுழற்றிப் பேசும் வசதி தொடங்கப்பட்டது. டிரங்க் அழைப்புக்குப் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்தோர், சிப்பந்தியின் குரலை இழந்ததற்காக வருந்தவில்லை.

பாங்குகளின் அனுபவம் சற்று வேறு. கணக்கு யந்திரங்களையும் கம்ப்யூட்டர்களையும் பாங்குகளில் புகுத்துவதை ஊழியர் சங்கங்கள் நெடுங்காலம் எதிர்த்தன. 1983-ல் சங்கங்களுடன் உடன்படிக்கை ஏற்பட்டது; 1984-ல் ரங்கராஜன் கமிட்டி தன் அறிக்கையை அளித்தது; அதன் பின்னரே கம்ப்யூட்டர்மயம் படிப்படியாகப் பரவிற்று. 1987-ல் பம்பாயில் ஹாங்காங் பாங்கு ஒன்று பணம் வழங்கும் யந்திரத்தை முதன்முதலாக நிறுவியது. இன்று ஏ.டி.எம். என்ற சொல்லைச் சிற்றூரிலும் அறியாதார் இலர்.

இவற்றிலிருந்து ஒரு பொது உண்மை புலனாகிறது. யந்திரம் செய்யும் காரியம் சிறியதாகவும் திட்டவட்டமானதாகவும் இருந்து, காத்திருக்கும் நேரத்தையும் குறைக்குமாயின், ஜனங்கள் அதனை விரைவில் ஏற்றுக்கொள்கின்றனர். பணம் வழங்கும் யந்திரம் தன்னை மனிதன் என்று கூறிக்கொள்ளவில்லை. முகமும் பெயரும் அதற்கில்லை. இன்றைய யந்திரங்களோ முகத்துடனும் பெயருடனும் வருகின்றன. எனவே, எழும் வினாக்களும் புதியவையாக இருக்கின்றன.

பெங்களூரிலும் அண்டை நகரங்களிலும்

பாங்குத் துறையில் நம் நாட்டின் முதல் யந்திர மனிதன் எனக் கூறப்படும் 'லட்சுமி'யைக் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் பாங்கு 2016 நவம்பரில் சென்னையில் அறிமுகம் செய்தது. இதன் அமைப்பில் ஒரு நுட்பம் குறிப்பிடத்தக்கது. வட்டி விகிதம் முதலான பொது விவரங்களை லட்சுமி வாய்விட்டுச் சொல்லும். ஆனால் ஒருவருடைய கணக்கு இருப்பு போன்ற அந்தரங்க விவரங்களைத் திரையில் மட்டுமே காட்டும். அருகில் நிற்போர் கேட்டுவிடக்கூடாது என்ற எண்ணம், தேர்ந்த குமாஸ்தாவிடம் காணப்படும் விவேகமே ஆகும்.

பெங்களூரில் இன்வென்டோ ரோபாட்டிக்ஸ் என்ற ஸ்தாபனம் 'மித்ரா' என்னும் யந்திர மனிதனைச் செய்தது. 2017-ல் ஜே. சி. ரோடிலுள்ள கனரா பாங்கின் தலைமை அலுவலகத்தில் மித்ரா வாடிக்கைக்காரர்களைக் கன்னடத்தில் வரவேற்றது. அதே ஆண்டு நவம்பர் 28-ல் ஹைதராபாதில் நடைபெற்ற உலகத் தொழில் முனைவோர் மகாநாட்டைப் பிரதமர் தொடங்கிவைத்தபோது, மேடையில் நின்றதும் இந்த மித்ராவே. 2018-ல் எச்.டி.எப்.சி. பாங்கு தனது 'ஐரா' என்ற யந்திரத்தின் இரண்டாம் வடிவத்தைப் பெங்களூர் கோரமங்கலா கிளையில் நிறுவியது. 2019 ஆகஸ்டில் இந்திரா நகரில் யந்திர மனிதர்கள் பரிமாறும் உணவு விடுதி திறக்கப்பட்டது. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் முன்னரே இத்தகைய விடுதிகளை நடத்தியவர்களே இதனையும் தொடங்கினர். 2022-ல் கெம்பேகௌடா விமான நிலையத்தில் பயணிகளுக்கு வழிகாட்டும் ரோபோக்கள் சோதனை முறையில் இயக்கப்பட்டன.

இந்நிகழ்ச்சிகளில் பொதுமக்கள் காட்டிய உற்சாகத்தின் பெரும்பகுதி வேடிக்கை பார்க்கும் ஆவலே எனலாம். யந்திரத்துடன் நின்று படம் எடுத்துக்கொள்வதும், குழந்தைகளை அதன் முன் நிறுத்திப் பேசச் செய்வதும், விடையறிந்த கேள்வியையே கேட்டுப் பார்ப்பதும் இத்தகைய ஆவலின் அடையாளங்கள். புதுமை தணிந்த பின்னரும் ஒருவர் குமாஸ்தாவை விட்டு யந்திரத்தை நாடிச் செல்கிறாரா என்பதே மனப்பான்மையின் உண்மையான சோதனை.

அத்தகைய சோதனை ஒன்று 2020-ல் தானாகவே நேர்ந்தது. கொரோனா நோய் பரவிய அவ்வாண்டில், பன்னேர்கட்டா ரோடிலுள்ள போர்ட்டிஸ் ஆஸ்பத்திரியின் வாயிலில் மித்ரா நிறுத்தப்பட்டது. உள்ளே வருவோரின் உடல் வெப்பத்தை அளப்பதும், இருமல், காய்ச்சல் உண்டா என்று கேட்பதும், தேவையாயின் திரை வழியாக மருத்துவருடன் பேசச் செய்வதும் அதன் வேலைகள். நொய்டாவிலுள்ள ஓர் ஆஸ்பத்திரியில், தனித்து வைக்கப்பட்ட நோயாளிகள் தம் குடும்பத்தாரின் முகத்தைக் கண்டு பேச இதே வகை யந்திரம் உதவிற்று. முந்தைய ஆண்டுவரை வேடிக்கைப் பொருளாக இருந்தது, மனிதர் அருகில் வருவதே அபாயம் என்ற நிலையில் தேவைப்பொருளாயிற்று. யந்திரத்தின் திறமை ஓராண்டில் பெரிதும் மாறிவிடவில்லை, சூழ்நிலைதான் மாறிற்று. மேலும், நொய்டா நோயாளிகள் உண்மையில் பேசியது யந்திரத்துடன் அன்று, அதன் வழியாகத் தம் உறவினருடனேயாம்.

மனப்பான்மையை அளக்கும் முறைகள்

ஜப்பானிய ஆராய்ச்சியாளர் டட்சுயா நோமுராவும் அவருடைய சகாக்களும், ரோபோக்கள்மீது மக்கள் கொள்ளும் வெறுப்பை அளக்க 14 வாக்கியங்கள் கொண்ட அளவுகோல் ஒன்றை 2006-ல் வெளியிட்டனர். யந்திரத்துடன் நேரில் பழகுவதில் உண்டாகும் கலக்கம், அது சமூகத்தில் செலுத்தக்கூடிய செல்வாக்கைப் பற்றிய அச்சம், அது உணர்ச்சி காட்டுவதைப் பற்றிய வெறுப்பு என மூன்று கூறுகளாக இவ்வளவுகோல் மனப்பான்மையைப் பிரிக்கிறது. ஒருவர் ஒரு கூறில் தாராளமாகவும் மற்றொன்றில் கடுமையாகவும் இருக்கக்கூடும்.

2012-ல் ஐரோப்பிய நாடுகள் 27-ல் நடத்தப்பட்ட யூரோபாரோமீட்டர் கணிப்பு இதனை நன்கு விளக்குகிறது. அதில் 70 சதவிகிதத்தினர் ரோபோக்களைப் பற்றி நல்லெண்ணம் கொண்டிருந்தனர். கடினமும் அபாயமும் நிறைந்த வேலைகளுக்கு ரோபோக்கள் தேவை என 88 சதவிகிதத்தினர் ஒப்புக்கொண்டனர். ஆயினும் அவை மனிதரின் வேலையைப் பறிக்கின்றன என 70 சதவிகிதத்தினரும், குழந்தைகள், முதியோர், ஊனமுற்றோர் ஆகியோரைப் பேணும் வேலையில் அவற்றைத் தடை செய்ய வேண்டும் என 60 சதவிகிதத்தினரும் கூறினர். 'ரோபோவை ஆதரிக்கிறீர்களா?' என்ற ஒற்றைக் கேள்வியால் மக்கள் மனத்தை அறிய இயலாது என்பதும், 'எந்த வேலைக்கு?' என்ற கேள்வியே முக்கியமானது என்பதும் இதனால் தெளிவாகின்றன.

தோற்றத்தின் விளைவு

யந்திரம் மனிதனைப் போல் தோன்றத் தோன்ற மக்களின் பிரியம் வளரும் என்று எண்ணுவது இயல்பு. டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மசாஹிரோ மோரி 1970-ல் எழுதிய கட்டுரையில் இதற்கு ஒரு வரம்பு உண்டு என்று கூறினார். ஒப்புமை ஓரளவு வரை ஏறும்போது பிரியமும் ஏறுகிறது. ஆனால், ஏறத்தாழ மனிதனாகவே தோன்றி, ஏதோ ஒரு சிறு குறையால் மனிதன் அல்லன் என்று வெளிப்படும் நிலையில் பிரியம் திடீரென்று அருவருப்பாக மாறுகிறது. இச்சரிவை அவர் ஒரு பள்ளத்தாக்குக்கு ஒப்பிட்டார்.

2023 ஜூலையில் பெங்களூரின் பவர் டி.வி. என்ற கன்னடச் செய்தி அலைவரிசை 'சௌந்தர்யா' என்ற திரையுருவத்தைச் செய்தி வாசிக்கச் செய்தது. 2024 மே மாதத்தில் தூர்தர்ஷனின் விவசாய அலைவரிசை 'கிருஷ்', 'பூமி' என்ற இரு திரையுருவங்களைத் தோற்றுவித்தது. இத்தகைய உருவங்களைக் காண்போரின் கண், உதட்டசைவும் ஒலியும் ஒத்திருக்கின்றனவா, கண் இமைப்பு இயல்பாக இருக்கிறதா என்பவற்றையே நாடுவதும், சொல்லப்படும் செய்தி பின்தங்கிவிடுவதும் மோரி கூறிய தத்துவத்துடன் பொருந்துகின்றன.

மனிதத் தோற்றமே இல்லாத யந்திரத்துடனும் மனிதர் பழகிவிடுகின்றனர் என்பது இதன் மறுபக்கம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. கலாசாலையில் ஜோசப் வைசன்பாம் 1966-ல் வெளியிட்ட 'எலைசா' என்ற நிரல், எதிராளி தட்டிய சொற்களையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும் எளிய அமைப்பு. ஆயினும், அது உருவான விதத்தை அறிந்த அவருடைய காரியதரிசியே, அதனுடன் தனிமையில் பேசும்பொருட்டு அவரை அறையை விட்டு வெளியேறுமாறு கேட்டுக்கொண்டார் என்று வைசன்பாம் எழுதினார். முகத்தை அமைக்கப் பெரும்பொருள் செலவிடுவதைக் காட்டிலும், கேட்பதைப் புரிந்துகொள்ளச் செய்வதே சேவைக்குப் பயன்படும் என்பது இவ்விரண்டையும் ஒப்பிடும்போது விளங்கும்.

எப்போது யந்திரம், எப்போது மனிதர்?

யந்திரத்தையே விரும்பும் சந்தர்ப்பங்கள் உண்டு. நெதர்லாந்தின் க்ரோனிங்கன் சர்வகலாசாலையினர் 2023-ல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, வெளியில் சொல்லக் கூசும் நோய்க்கு மருந்து வாங்குவது போன்ற சங்கடமான வேளைகளில் மக்கள் மனிதரைவிட ரோபோவிடம் செல்ல விரும்புகின்றனர். யந்திரம் தம்மை இகழ்ந்து எண்ணாது என்ற நம்பிக்கையே இதற்குக் காரணம். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த ஒருவர், பாங்குப் படிவத்தைப் பூர்த்தி செய்வது பற்றி ஒரே கேள்வியை மும்முறை கேட்க நேர்ந்தால், குமாஸ்தாவின் முகச்சுளிப்புக்கு அஞ்சுவார். யந்திரத்திடம் அவ்வச்சம் இல்லை.

கோபமும் துயரமும் உற்ற வேளையில் நிலைமை மாறுகிறது. 2022-ல் வெளியான ஆக்ஸ்போர்டு ஆராய்ச்சியாளர்களின் கட்டுரை ஒன்று, கோபத்துடன் வரும் வாடிக்கைக்காரரிடம் மனிதப் பெயரும் உருவமும் கொண்ட சம்பாஷணை யந்திரம் பேசினால் அவருடைய அதிருப்தி மிகுவதாகக் காட்டிற்று. மனிதத் தோற்றம் மனிதத் திறமையை எதிர்பார்க்கச் செய்கிறது. எதிர்பார்ப்பு பொய்க்கும்போது கோபம் இரட்டிக்கிறது.

பிழையைப் பொறுப்பதிலும் வேற்றுமை உண்டு. யந்திரக் கணிப்பு மனிதக் கணிப்பைவிடச் சிறந்ததாக இருந்தாலும், அது ஒருமுறை பிழைபடுவதைக் கண்டவர் அதனை விட்டு மனிதரிடமே திரும்புகின்றனர் என்று பென்சில்வேனியா சர்வகலாசாலையினர் 2015-ல் பல பரிசோதனைகளால் நிலைநாட்டினர். குமாஸ்தா தவறினால் 'இன்று அவருக்கு வேலை அதிகம்' என்று நாம் சமாதானம் காண்கிறோம். யந்திரம் தவறினால் அதன் அமைப்பே தவறு என்று முடிவு செய்கிறோம்.

மொழியின் இடம்

பெங்களூர் போன்ற நகரில் இப்பிழைகளின் பெரிய ஊற்று மொழியே ஆகும். 'கார்டு தொலைஞ்சு போச்சு, அமௌண்டும் கட் ஆயிடுச்சு' என்று ஒருவர் பதற்றத்துடன் கூறும் வாக்கியத்தில் இரு மொழிகள் கலந்துள்ளன. அவரே அடுத்த வாக்கியத்தைக் கன்னடத்தில் தொடங்கக்கூடும். பின்னணியில் பஸ்ஸின் இரைச்சலும் இருக்கும். எதிரே அமர்ந்த குமாஸ்தாவுக்கு இதில் கஷ்டமே இல்லை. ஏட்டு நடையிலான தனிமொழியைக் கேட்டுப் பழகிய யந்திரமோ, 'தயவு செய்து மீண்டும் கூறுங்கள்' என்கிறது. மும்முறை இவ்வாறு கேட்கப்பட்டவர் தம் பேச்சில்தான் குறை என்று எண்ணி விலகிவிடுகிறார். அவ்விலகல் எந்தக் கணிப்பிலும் பதிவாவதில்லை.

இக்குறையை நீக்க நம் நாட்டில் முயற்சிகள் நடைபெறுகின்றன. இந்திய மொழிகளுக்கான 'பாஷிணி' திட்டத்தை மத்திய அரசாங்கம் 2022-ல் தொடங்கிற்று. பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகம் கூகிள் ஸ்தாபனத்துடன் சேர்ந்து நடத்தும் 'வாணி' திட்டம், நாட்டின் மாவட்டந்தோறும் மக்கள் இயல்பாகப் பேசுவதை ஒலிப்பதிவு செய்து சேகரிக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த ஏ.ஐ.4 பாரத் குழுவினரும் இந்திய மொழிகளுக்கான நிரல்களை ஆக்கி வருகின்றனர். யந்திரம் ஒருவருடைய வட்டார வழக்கைப் புரிந்துகொள்ளும் நாளில், அதன்பால் அவர் கொள்ளும் மனப்பான்மையும் மாறும் என எதிர்பார்க்கலாம்.

வேலை பற்றிய கவலை

வாடிக்கைக்காரரின் வசதி ஒருபுறமிருக்க, இதுவரை அவ்வேலையைச் செய்து வந்தவர்களின் நிலை மற்றொருபுறம் உள்ளது. 2023 ஜூலையில், பெங்களூரைச் சேர்ந்த 'டுக்கான்' என்ற ஸ்தாபனத்தின் தலைவர், தம் வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் 90 சதவிகிதத்தினரை விலக்கிவிட்டு, அவ்வேலையைச் சம்பாஷணை யந்திரத்திடம் ஒப்படைத்ததாகப் பகிரங்கமாக அறிவித்தார். பிரச்சினையைத் தீர்க்க 2 மணி 13 நிமிஷம் ஆகிவந்தது 3 நிமிஷம் 12 விநாடியாகக் குறைந்தது என்றும், செலவு சுமார் 85 சதவிகிதம் குறைந்தது என்றும் அவர் கணக்குக் காட்டினார். அவ்வறிவிப்பைக் கண்டோர் பலர் கடுமையாகக் கண்டித்தனர். நேரத்தையும் செலவையும் குறிக்கும் எண்களை யாரும் முக்கியமாக எதிர்க்கவில்லை. வேலை இழந்தவர்களின் கதி என்ன என்றே கேட்டனர்.

இக்கண்டனம் கவனத்திற்குரியது. தொலைபேசி உதவிக் கூடங்களில் இரவு நேரப் பணி செய்து, தம் குடும்பத்தில் முதன்முதலாக மாதச் சம்பளம் பெற்ற இளைஞரும் பெண்களும் பெங்களூரில் பலர். வாடிக்கைக்காரராக விரைவை விரும்பும் ஒருவரே, அண்ணனாகவோ தாயாகவோ அவ்வேலையின் நிலைப்பையும் விரும்புகிறார். ஆகவே, ஒரே மனத்தில் இரு மனப்பான்மைகள் இருப்பதில் முரண்பாடு இல்லை.

சில ஸ்தாபனங்கள் பின்வாங்கியதும் உண்டு. சுவீடன் நாட்டின் 'கிளார்னா', தன் யந்திரம் 700 ஊழியரின் வேலையைச் செய்வதாக 2024-ல் அறிவித்தது. 2025-ல் அதன் தலைவர், செலவுக் குறைப்பையே பெரிதாகக் கருதியதால் சேவையின் தரம் தாழ்ந்தது என்று ஒப்புக்கொண்டு, விரும்பும் வாடிக்கைக்காரர் மனிதருடன் பேசும் வகையில் மீண்டும் ஆட்களை அமர்த்த முற்பட்டார். ஜப்பானில் நாகசாகி அருகே 2015-ல் ரோபோக்களைக் கொண்டே தொடங்கப்பட்ட 'ஹென்னா' ஹோட்டல், தன்னிடமிருந்த 243 ரோபோக்களில் பாதிக்கு மேற்பட்டவற்றை 2019-ல் விலக்கியது. அறையில் வைத்த பொம்மை யந்திரம், விருந்தினரின் குறட்டையைக் கேள்வி என்று எண்ணி அவரை எழுப்பிக்கொண்டே இருந்ததும் விலக்கிய காரணங்களில் ஒன்று.

உண்மை கூறுதலும் பொறுப்பும்

தான் யந்திரம் என்பதை யந்திரம் முதலிலேயே கூற வேண்டுமா என்பது இத்துறையின் சிக்கலான வினா. ஆசியாவில் ஒரு நிதி ஸ்தாபனத்தின் 6,200-க்கு மேற்பட்ட வாடிக்கைக்காரர்களைக் கொண்டு நடத்தி 2019-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், தன்னை வெளிப்படுத்தாத குரல் யந்திரம் தேர்ந்த விற்பனையாளருக்கு நிகராக விற்றது. 'நான் யந்திரம்' என்று தொடக்கத்திலேயே கூறியபோது விற்பனை ஏறத்தாழ 80 சதவிகிதம் வீழ்ந்தது. வியாபாரிக்கு மௌனமே லாபம் என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். ஆனால், மக்கள் அறிந்திருந்தால் மறுத்திருப்பார்கள் என்பதும் இதே எண்ணின் பொருளாகும். அறியாமையால் பெற்ற சம்மதத்தைச் சம்மதம் என்று கொள்வது முறையன்று. 2024 ஆகஸ்டில் அமலுக்கு வந்த ஐரோப்பியச் செயற்கை அறிவுச் சட்டம், பேசுவது யந்திரம் என்பதைப் பயனாளருக்கு அறிவிக்க வேண்டும் என்ற விதியைக் கொண்டுள்ளது.

பொறுப்பு பற்றிய வினாவுக்குக் கனடாவில் 2024 பிப்ரவரியில் விடை கிடைத்தது. பாட்டியை இழந்த பயணி ஒருவர், துக்க காலச் சலுகைக் கட்டணத்தைப் பின்னர் கோரிப் பெறலாம் என்று ஏர் கனடாவின் சம்பாஷணை யந்திரம் கூறியதை நம்பிச் சீட்டு வாங்கினார், விதியோ அவ்வாறில்லை. யந்திரத்தின் சொல்லுக்குத் தான் பொறுப்பல்ல என்னும் வகையில் விமானக் கம்பெனி வாதித்தது. நடுவர் மன்றம் அதனை ஏற்காமல், சுமார் 812 கனேடிய டாலர் வழங்குமாறு உத்தரவிட்டது. குமாஸ்தாவின் சொல்லுக்கு ஸ்தாபனம் கட்டுப்படுவது போலவே யந்திரத்தின் சொல்லுக்கும் கட்டுப்படும் என்பது இத்தீர்ப்பின் சாரம்.

நம் நாட்டில் ரிசர்வ் பாங்கு அமைத்த குழு, நிதித் துறையில் செயற்கை அறிவைப் பற்றி 2025 ஆகஸ்டில் வெளியான அறிக்கையில் 7 கொள்கைகளையும் 26 பரிந்துரைகளையும் அளித்தது. நம்பிக்கையே அடித்தளம் என்பதும், மக்களுக்கே முதலிடம் என்பதும் அக்கொள்கைகளில் அடங்கும்.

வாடிக்கைக்காரர் அறிய வேண்டியவை

யந்திரத்திடம் முறையிட்டவர், அது தரும் புகார் எண்ணைத் தேதியுடன் குறித்து வைத்தல் நன்று. எழுத்தில் நடந்த சம்பாஷணையாயின் அதனைப் படமெடுத்து வைக்கலாம். கடவுச்சொல், ரகசிய எண் ஆகியவற்றை மனிதர் கேட்டாலும் யந்திரம் கேட்டாலும் கூறலாகாது. பாங்கில் எழுத்து மூலம் அளித்த புகாருக்கு 30 நாட்களுக்குள் விடை வராவிட்டாலோ, வந்த விடை திருப்தி தராவிட்டாலோ, 2021 நவம்பரில் தொடங்கிய ரிசர்வ் பாங்கின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தின் வழியாக முறையிட ஏற்பாடு செய்யப்பட்டது. இதற்குக் கட்டணம் இல்லை. பிற பொருள்களும் சேவைகளும் பற்றிய புகார்களுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 உள்ளது.

முடிவுரை

மேலே கூறியவற்றிலிருந்து, பொதுமக்கள் யந்திரத்தை வெறுப்பவரும் அல்லர், கண்மூடி வரவேற்பவரும் அல்லர் என்பது பெறப்படும். காரியம் சிறிதாயின், காத்திருத்தல் குறையுமாயின், நாணம் காக்கப்படுமாயின் அவர்கள் யந்திரத்தை மகிழ்ச்சியுடன் நாடுகின்றனர். பணம் தொலைந்த வேளையிலும், இழவு நேர்ந்த வேளையிலும், சொன்னது புரிந்துகொள்ளப்படாத வேளையிலும் மனிதரைத் தேடுகின்றனர். 2024-ல் கார்ட்னர் என்ற ஆராய்ச்சி ஸ்தாபனம் வெளியிட்ட கணிப்பில், வாடிக்கையாளர் சேவையில் செயற்கை அறிவைப் பயன்படுத்தாதிருப்பதே நல்லது என 64 சதவிகிதத்தினர் கூறினர். மனிதரை அணுகுவது மேலும் கடினமாகிவிடும் என்பதே அவர்கள் கூறிய முதன்மையான கவலை. எனவே அச்சம் யந்திரத்தைப் பற்றியதைவிட, அதன் பின்னால் அடைக்கப்படும் கதவைப் பற்றியதே எனலாம்.

ஆகவே, சேவை யந்திரத்தை நிறுவுவோர் மூன்று நிபந்தனைகளைக் கைக்கொள்ளுதல் அவசியம். யந்திரம் தன்னை யந்திரம் என்றே அறிவித்தல் வேண்டும். வருபவரின் மொழியிலும் வழக்கிலும் பேச வல்லதாக இருத்தல் வேண்டும். கேட்ட மாத்திரத்தில், பொறுப்புடைய மனிதர் ஒருவரிடம் அவரை அழைத்துச் செல்லுதல் வேண்டும். முதல் இரண்டையும் பொறியியலும் சட்டமும் நிறைவேற்றக்கூடும். மூன்றாவதற்கு, கதவின் அப்பால் ஒரு மனிதரைச் சம்பளம் தந்து அமர்த்த வேண்டும். ஸ்தாபனம் அதற்கு மனம் கொள்கிறதா என்பதைப் பொறுத்தே, அதன் யந்திரத்தை ஜனங்கள் நண்பனாகக் கொள்வதும் தடையாகக் கொள்வதும் அமையும்.